தண்ணீருக்கு மேலே இருந்த இரும்பு

எதிர்மனுதாரர் தரப்பின் எதிருரையில் ஒரு பத்தியை நான் பலமுறை படித்தேன். தொழிற்சாலை ஆம்பூர் அருகே, கடலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆகவே அங்கிருந்த இரும்பு மேடையை உப்பு அரித்துவிட்டது என்று மனுதாரர் சொல்வது கற்பனை. மேடைக்கு வயது ஆறுதான், பராமரிப்பும் வர்ணப் பூச்சும் முறையாக நடந்திருக்கின்றன. சேஃப்டி பெல்ட் மாட்டிக்கொள்ளச் சொன்ன கட்டளையை மீறி ஏறியதால்தான் மனுதாரர் விழுந்தார். இவ்வளவும் ஒரே பத்தியில் இருந்தன. வழக்கு முழுவதையும் அந்தப் பத்திக்குப் பதில் சொல்லியே நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் நடத்தினேன்.

என் கட்சிக்காரர் பெயின்டர். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது 35 வயது. ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாகத் தோல் பதனிடும் ஆலைகளான தோல் ஷாப்புகளுக்குப் போய் வர்ணம் அடிப்பார். நாள் கூலி 450 ரூபாய். அந்தத் தொழிற்சாலையில் தோலை ஊறவைத்த ஊறல் தண்ணீர் வந்து சேரும் தொட்டிக்கு மேலே, ஆங்கிள் இரும்பில் கட்டிய நடைமேடை ஒன்று இருந்தது. குழாய்க்கு வர்ணம் அடிக்க அதன்மேல் நின்றபோது மேடை ஒரு பக்கமாக முறிந்து இறங்கியது. தொட்டி அன்று பாதி காலியாக இருந்ததால் மூழ்கவில்லை. ஆனால் உள்சுவரில் மோதி அடித்தளத்தில் விழுந்ததில் இடுப்பெலும்பும் வலது தொடையும் நொறுங்கிவிட்டன. ஊன்றுகோலோடு அவர் என் அலுவலகப் படி ஏறி வந்தபோது கையில் மருத்துவமனைக் காகிதக் கட்டு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. வேலைக்கான சீட்டு கிடையாது, வருகைப் பதிவில் பெயரும் கிடையாது. ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை.

“நான் அங்க வேல செஞ்சேன்னே இல்லேன்றாங்க சார்” என்றார் அவர்.

ராணிப்பேட்டைத் துயரத்தின் நினைவு அப்போது எங்கள் பகுதியில் ஆறவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அதற்குப் பிறகு கழிவுநீர்த் தொட்டி என்றாலே அதிகாரிகள் கூர்ந்து பார்த்தார்கள். கான்கிரீட் சுவரைப் பார்த்தார்கள், அனுமதிக் காகிதத்தைப் பார்த்தார்கள். தொட்டிமேல் நிற்கும் இரும்பை மட்டும் யாரும் தட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தோல் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உரித்த பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் சாப்பாட்டு உப்பையே கொட்டுவார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு உப்பு இப்படிச் சேரும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் போன்ற கரையோரங்களில் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த அதே உப்புதான். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை ஊறப்போடுவது. உப்பில் பெரும்பகுதி அந்த முதல் ஊறலிலேயே கரைந்து தண்ணீரோடு போய்விடும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. ஊறல் தண்ணீர் பல நாள் அந்த அளவைத் தொடும், சில நாள் தாண்டியும் போகும். தோலைப் பதனிடும் குரோமியம் பற்றி ஊர் முழுக்கப் பேச்சு இருக்கிறது. அதை வீழ்படிவாக்கிப் பிரித்தெடுக்க வழிகளும் இருக்கின்றன. உப்பை அப்படி மடக்க முடியாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர் உப்பைத் தொடாது. எதிர்ச் சவ்வூடு பரவல் வைத்து வடிகட்டி, மிஞ்சிய உவர்நீரை ஆவியாக்கிக்கூட எடுத்தாலும், கலப்பு உப்பு குவியலாக மிஞ்சும். அதை வாங்க ஆளில்லை. கடலிலிருந்து லாரியில் ஏறி வந்த பொருள் பாலாற்றங்கரையில் தங்கிவிடுகிறது.

எங்கள் மாவட்ட விவசாயிகளுக்கு இது எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட 914-ஆம் எண் ரிட் மனுவின் உயிரே கிணற்றில் ஏறிய உப்புதான். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்தத் தீர்ப்பைச் சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்பதும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டின் சட்டம் என்று நிலைநாட்டப்பட்டது அதில்தான். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது. சுத்திகரிப்பு வசதி அமைக்காத தோல் ஷாப் எதுவும் 1996 நவம்பர் 30-க்குப் பிறகு இயங்கக் கூடாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்தத் தீர்ப்பை நான் தொழிலாளர் துணை ஆணையர் முன் எடுத்துப் போனேன். சுற்றுச்சூழல் தீர்ப்புக்கு இழப்பீட்டு மனுவில் என்ன வேலை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். வேலை இருந்தது. 2025 வரை நடப்பில் இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இன் 12-ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்கியது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஒப்படைத்த வேலை அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்க வேண்டும். தோலைப் பதனிடுவதுதான் எங்கள் தொழில், இரும்புக்கு வர்ணம் அடிப்பது அல்ல என்றார்கள் அவர்கள். நான் 1996 தீர்ப்பைக் காட்டிச் சொன்னேன்: சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் தோல் ஷாப் ஒரு நாளும் ஓடக் கூடாது என்பது உச்ச நீதிமன்ற ஆணை. அந்த நாள் முதல் சுத்திகரிப்பும் தோல் தொழிலின் உறுப்பு. அந்த உறுப்பைப் பழுது பார்க்கிறவர் தொழிலுக்கு வெளியே நிற்பவர் ஆக மாட்டார். இந்த வாதத்தை ஆணையர் தம் உத்தரவில் முழுதாக ஏற்றுக்கொண்டார். அந்தத் தீர்ப்புக்காகப் போராடியவர்கள் விவசாயத்தையும் குடிநீரையும் நினைத்துத்தான் போராடினார்கள். அது ஒரு பெயின்டருக்கும் கை கொடுத்ததில் எனக்கு இன்றும் மனநிறைவு உண்டு.

காப்பீடு உள்ள தொழிலாளி வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்பதைத் தடுத்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் காட்டி மனுவையே தள்ளுபடி செய்யக் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதைத் தொட்டால் அவர் தங்கள் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள நேரும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்த மற்றவர்களுக்கெல்லாம் கட்டாமல் விட்ட சந்தாவும் கணக்குக்கு வரும்.

மீதி இருந்தது சேஃப்டி பெல்ட். இழப்பீட்டுச் சட்டத்தில் வேலையளிப்பவர் குற்றம் செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவை இருக்கவில்லை. ஆனால் 3-ஆம் பிரிவில் ஒரு கதவு திறந்திருந்தது. உயிரிழப்பும் நிரந்தர முழு ஊனமும் அல்லாத காயங்களில், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியதே விபத்துக்கு நேரடிக் காரணம் என்று வேலையளிப்பவர் காட்டிவிட்டால் அவர் தப்பிக்க முடிந்தது. இந்தக் கதவை அடைக்கவே முதலில் முயன்றேன். 1976-இல் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை இழந்த தச்சரால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருடையது முழு ஊனம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. உயரத்தில் ஏற முடியாத பெயின்டரும் அப்படித்தான் என்று வாதிட்டேன். உட்கார்ந்து செய்யும் வேலைகள் அவருக்கு இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று மருத்துவ அறிக்கை சொன்னது. வருவாய்த் திறன் இழப்பு 60 விழுக்காடு என்று ஆணையர் முடிவு செய்தார். கதவு திறந்தே இருந்தது. இனி எல்லாம் அந்த மேடை ஏன் முறிந்தது என்பதில் வந்து நின்றது.

மேடையைப் பார்க்க வழியில்லை. விபத்து நடந்த வாரமே அதை அறுத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் அறுத்தவர் யார் என்று விசாரித்தபோது, அதே வட்டாரத்து வெல்டர், என் கட்சிக்காரரின் மனைவிக்குத் தூரத்து உறவு. தம் சொந்தக்காரர் விழுந்த மேடை என்று தெரிந்ததும் கைப்பிடித் தூண் ஒன்றின் அடிப்பகுதியை, அது பற்றவைத்திருந்த ஆங்கிளோடு சேர்த்து ஒதுக்கி வைத்திருந்தார். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வெளியே பச்சை எனாமல் பளபளப்பாக இருந்தது. வெட்டு முனையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகச் செம்பழுப்பு. கை விரலால் அழுத்தினாலே ஓர் அடுக்கு உரிந்தது.

எதிர்த்தரப்பு முறையான பராமரிப்புக்குச் சான்றாவணமாகக் கொடுத்தது ஒப்பந்தக்காரரின் ரசீது. விபத்துக்கு மூன்று மாதம் முன்பு ரெட் ஆக்சைடு இரண்டு கோட், எனாமல் இரண்டு கோட். அந்த வேலையைச் செய்தவர் யார் என்று மேலாளரைக் குறுக்கு விசாரணையில் கேட்டேன். தெரியாது என்றார். செய்தது என் கட்சிக்காரரேதான். அதிகாரிகள் பார்வைக்கு வருவதற்கு முன்னால் அவசரமாக அடித்த வர்ணம் அது. கூண்டில் நின்று அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்தார்கள்: “துருவ சுரண்டவே வுடல அய்யா. சுரண்டுனா ஓட்ட தெரியும், மேலாப்ல அடிச்சிட்டு எறங்குன்னாங்க.”

வெல்டரின் சாட்சியத்தில்தான் எங்களுக்குச் சங்கடம் வந்தது. நேர்மையான மனிதர், கண்டதைக் கண்டபடி சொன்னார். “தண்ணிக்குள்ள முங்கி இருந்த காலு கெட்டியாத்தான் இருந்துச்சுங்க. மேல இருந்ததுதான் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு.” எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். திறமையானவர், இந்தப் பதிலின் மதிப்பு அவருக்கு உடனே புரிந்தது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றால் உப்புத் தண்ணீரிலேயே நின்ற கால் முதலில் போயிருக்க வேண்டாமா? போகவில்லையே. அப்படியானால் உப்பு காரணமில்லை. அந்த வாய்தாவில் அறையில் இருந்த அனைவருக்கும் அது சரியான கேள்வியாகவே பட்டது.

அடுத்த வாய்தாவுக்குக் காரைக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். அரிமான ஆய்வில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான நிறுவனம். மண்டபம் முகாமில் இரும்புத் தகடுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் வைத்து ஆண்டுக் கணக்கில் தேய்மானம் பார்க்கும் நிலையமும் அதற்கு உண்டு. நிபுணர் சாட்சியாக அவரை விசாரித்தேன். வெல்டர் சொன்னது எங்களுக்கு எதிரானதல்ல, எங்கள் கட்சிக்கு அதைவிடப் பலமான சாட்சியம் வேறில்லை என்றார் அவர்.

கடலில் நிற்கும் எந்த இரும்புத் தூணையும் பார்த்தால் அது ஒரே சீராகத் தேய்வதில்லை. இரும்பு துருவாக வேண்டுமானால் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். இரும்பின் ஓரிடத்திலிருந்து அணுக்கள் எலெக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைசலில் இறங்கும். அந்த எலெக்ட்ரான்களை இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் ஓட வழி செய்வது உப்புத் தண்ணீர். முழுக்க மூழ்கிய பகுதிக்கு ஆக்சிஜன் மெதுவாகத்தான் வந்து சேரும். அதனால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் தேயும். அலை தெறித்து நனைத்து, வெயில் உலர்த்தி, மறுபடியும் நனைகிற பகுதியில் உப்பு செறிந்துகொண்டே போகும், மெல்லிய ஈரப்படலத்தின் வழியே ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே தேய்மானம் மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். தொட்டியில் காலையில் ஏறி மாலையில் இறங்கிய தண்ணீரும், காற்றுக்குழாய் கலக்கித் தெறித்த துளிகளும், வேலூர் வெயிலும் சேர்ந்து அந்த மேடையை அலை தெறிக்கும் பகுதியாகவே வைத்திருந்தன. முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்பைடு வாயு அதை மேலும் கெடுத்தது.

அவர் கணக்கும் போட்டார். ஆங்கிளின் கனம் 6 மில்லிமீட்டர். ஒரு முகத்துக்கு ஆண்டுக்கு 0.3 வீதம், இரு முகமும் சேர்ந்து ஆறு ஆண்டில் 3.6 மில்லிமீட்டர் போகும். இது சராசரி. குளோரைடு ஓரிடத்தில் குழி போட ஆரம்பித்தால் குழிக்குள் அமிலம் சேர்ந்து இன்னும் வேகமாக ஆழும். சான்றுப் பொருளின் அடிப்பகுதியை ஆணையர் முன்னிலையிலேயே துரு நீக்கி மைக்ரோமீட்டரில் அளந்தார். பற்றவைப்பு ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முற்றிலும் புதிது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் துருவேறிய ஆங்கிள் பார்வைக்கு மெலியாது, தடிக்கும். மேலே எனாமலும் அடித்துவிட்டால் புதிதைவிடக் கனமாகத் தெரியும். உப்பு ஏறிய துருவின்மேல் அடிக்கும் வர்ணம் எதையும் காப்பதில்லை, அடியில் அரிமானம் தொடரும். முதலில் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காய்ந்த பின்தான் ப்ரைமர். பாம்பன் பாலத்தை 1914 முதல் நூறாண்டுக்கு மேல் ரயில் ஓடும் நிலையில் வைத்திருந்தது ஓயாமல் நடந்த அந்த வகைப் பராமரிப்புதான். அதற்கும் முடிவு உண்டு. அரிமானம் மிகுந்ததால் 2022 டிசம்பரில் அந்தப் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது. பாம்பனில் உப்பு எதிரி என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் காவல் இருந்தது. ஆம்பூரில் அதே உப்பை யாரும் கடலாக எண்ணவில்லை.

இது எங்கள் ஊகமல்ல என்று காட்ட ஒரே ஆவணம் போதுமானதாக இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய, அந்தத் தொழிற்சாலையே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்த ஊறல் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள். தங்கள் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று அவர்கள் கையெழுத்துப் போட்டே சொல்லியிருந்தார்கள்.

கடைசியாக மேலாளரை மறுபடி அழைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். மனுதாரர் பெல்ட் மாட்டியிருந்தால் அதன் கொக்கியை எங்கே மாட்டியிருப்பார்? கைப்பிடிக் கம்பியில் என்றார். அந்தக் கைப்பிடித் தூணின் அடி எது என்று சான்றுப் பொருளைக் காட்டினேன். வெல்டரின் சாட்சியப்படி கைப்பிடி, மேடையோடு சேர்ந்து தொட்டிக்குள் விழுந்திருந்தது. பெல்ட் மாட்டியிருந்தாலும் அவர் அதோடு கட்டுண்டு விழுந்திருப்பார். கட்டளையை மீறியதே விபத்துக்கு நேரடிக் காரணம் என்ற வாதம் அங்கேயே முடிந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. தொகையைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் அவர் வாங்கியது 11,700 ரூபாய். ஆனால் அன்று சட்டம் ஏற்ற உச்ச ஊதியம் 8,000. சட்டக் கணக்குப்படி அதில் 60 விழுக்காடு, 4,800. 35 வயதுக்குரிய காரணி 197.06. பெருக்கி வந்த 9,45,888-இல் 60 விழுக்காடு இழப்பு, 5,67,533 ரூபாய், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. அந்த உச்சவரம்பு 15,000 ஆனது 2020 ஜனவரியில்தான். அபராதமும் கேட்டிருந்தேன். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதிவரை விதிக்கச் சட்டம் இடம் தந்தது. பொறுப்பு யாருடையது என்பதில் உண்மையான சர்ச்சை இருந்தது என்று சொல்லி ஆணையர் மறுத்துவிட்டார். துருவை மறைத்து வர்ணம் அடிக்கச் சொன்னவருக்குச் சர்ச்சை செய்ய என்ன நியாயம் இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பகுதியில் உத்தரவு தவறு என்றே இன்றும் கருதுகிறேன். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்டிச் சான்று வாங்க வேண்டியிருந்ததால் எதிர்த்தரப்பு கட்டியது. பிறகு மேல்முறையீடு செய்யவும் இல்லை.

2025 ஜனவரி 30 அன்று, ராணிப்பேட்டைச் சாவுகளுக்குப் பத்தாண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு பாலாற்று மாசு பற்றி மறுபடியும் விரிவான தீர்ப்பு தந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. அதை வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பகுதியில் உப்பைப் பற்றிய விவாதம் வயலோடும் கிணற்றோடும் நின்றுவிடக் கூடாது. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 32-ஆம் பிரிவு தளமும் படிக்கட்டும் நடைபாதையும் உறுதியாக இருக்க வேண்டும் என்றது. உறுதியைக் கண்ணால் பார்த்துச் சான்று கொடுக்கிறார்கள். மீயொலிக் கனமானி என்று கையடக்கக் கருவி இருக்கிறது. இரும்பின் ஒரு பக்கத்தில் வைத்தாலே மிச்சக் கனத்தைக் காட்டிவிடும். ஊறல் தொட்டிமேல் நிற்கும் ஒவ்வொரு மேடைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரே கோரிக்கைதான், விபத்து வழக்கு வரும்போதெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். எண்ணைப் பதிந்தவர் அடுத்த முறை “எதிர்பாராத விபத்து” என்று எதிருரை எழுத முடியாது. அந்தத் தொழிற்சாலையில் பிறகு இரும்புக்குப் பதில் கண்ணாடி நார்ப் பலகை போட்டார்கள். எல்லோரும் போடவில்லை.

என் கட்சிக்காரர் இப்போது ஆம்பூரில் ஒரு பெயின்ட் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலர் கலக்கித் தருகிறார். தோல் ஷாப் வேலைக்கு ரெட் ஆக்சைடு கேட்டு வருபவர்களிடம், எதற்கு, எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவை எடுக்கிறார்.